கட்டுப்பல்லுக்குக் கீழ வாற பங்கசுக்கு ரெண்டு வாசலிலயும் ஒரே பதிலைச் சொல்லுங்கோ: வன்னியில இருக்கிற பல் டொக்டர்மாருக்கும் சித்த வைத்தியர்மாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம் டொக்டர்மார், வணக்கம் வைத்தியர் ஐயாமார், அம்மாமார்,

உங்க ரெண்டு பகுதியையும் ஒரே மடலில கூப்பிடுறன், வேணுமெண்டுதான் கூப்பிடுறன். ஏனெண்டா எங்கட அம்மா ரெண்டு மாசத்துக்கு முதல் உங்கட ரெண்டு வாசலிலயும் ஏறி இறங்கிப்போட்டு வந்து முத்தத்தில கதிரையைப் போட்டு இருந்துகொண்டு "இப்ப ஆரிட சொல்லைக் கேக்கிறது பிள்ளை" எண்டு என்னைக் கேட்டா, நான் ஒண்டும் சொல்லாமல் தேத்தண்ணி போடக் குசினிக்குள்ள போனன். அந்தக் கேள்வியை உங்களிட்டக் கொண்டு வந்து தரத்தான் இந்த மடல்.

நான் விசுவமடுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிறன். பாணில பூஞ்சணம் பிடிக்கிறதைப் பிள்ளையளுக்கு வருஷா வருஷம் காட்டுற ரீச்சர். அதே பங்கசு சாதிதான் என்ர அம்மான்ர வாய்க்குள்ளயும் குடியிருக்குது எண்டு எனக்கு இவ்வளவு காலமும் தெரியாமல் போனதுதான் பெரிய மனவருத்தம்.

அம்மாக்கு 71 வயசு. மேல்வாய் முழுக்கக் கட்டுப்பல்லு. முதல் செற் கட்டினது சண்டைக் காலத்தில. 2009ல விசுவமடுவில இருந்து வெளிக்கிட்டு சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன் எண்டு ஓடி ஓடிக் கடைசியா செட்டிகுளம் முகாமுக்குள்ள போனது வரைக்கும் அம்மா ஒரு இரவு கூட அந்தப் பல்லைக் கழட்டேல்ல. எந்த நேரம் எழும்பி ஓடவேணும் எண்டு தெரியாத பங்கருக்குள்ள கழட்டி ஒரு பக்கத்தில வைச்சா அது அங்கயே கிடந்துபோகும், பேந்து எங்க போய்ப் பல்லுக் கட்டுறது. முகாமில ஒரு கூடாரத்துக்குள்ள ரெண்டு மூண்டு குடும்பம், அங்க பொக்கை வாயோட இருக்க வெக்கம். அப்பிடிப் பழகினது பழகினதுதான், மீள்குடியேறி வீடு கட்டி புதுச் செற்றும் கட்டின பிறகும் அவ அதோடதான் படுத்தவ. எங்கட ஊரில இந்த வயசு ஆக்கள் கனபேர் இப்பிடித்தான் படுக்கினம், கேட்டுப் பாருங்கோ. பஞ்சியில இல்லை, பயத்தில வந்த பழக்கம். நீங்கள் "இரவில கழட்டி வையுங்கோ" எண்டு ஒரு வரியில சொல்லிப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டா அது அவையின்ர காதுக்குள்ள போகாது. அதுவும் அம்மாக்கு புதுச் செற் குடுத்த இடத்தில அந்த ஒரு வரியைக் கூட ஒருத்தரும் சொல்லேல்ல.

போன மாசிக்குப் பிறகு அம்மாக்கு வாயின்ர ரெண்டு கடையும் வெடிக்கத் தொடங்கினது. விற்றமின் குறைவு எண்டு நினைச்சு நானே பாமசியில பீ கொம்பிளெக்ஸ் வாங்கிக் குடுத்தன், ஒரு மாற்றமும் இல்லை. ஒருநாள் கிணத்தடியில பல்லைக் கழட்டிக் கழுவேக்க போன் லைற்றை அடிச்சுப் பாத்தன். மேலண்ணம் முழுக்கச் சிவப்பு, கட்டுப்பல்லின்ர பிளேற் (அண்ணத்தில ஒட்டுற தட்டு) எவ்வளவு தூரம் மூடுதோ சரியா அவ்வளவு தூரத்துக்கும் கோடு போட்டமாதிரிச் சிவப்பு, அந்தக் கோட்டுக்கு அங்கால நல்ல தசை. "நோகேல்லையா அம்மா" எண்டு கேட்டன், "ஒண்டும் நோகேல்லையே" எண்டா. அதுதான் இந்த வருத்தத்தின்ர கள்ளத்தனம். கனபேருக்கு நோவே இருக்காது, அதால ஒருத்தரும் சொல்லவும் மாட்டினம், நீங்களாப் பல்லைக் கழட்டச் சொல்லிப் பாத்தாத்தான் தெரியும்.

அடுத்து நடந்ததுதான் கதையின்ர முக்கியமான இடம். பக்கத்து வீட்டு அன்ரி ஆரோ சொன்னது எண்டு கராம்பெண்ணெய்ப் போத்தல் ஒண்டு கொண்டந்து குடுத்தா. அம்மா அதைத் தண்ணியும் கலக்காமல், தேங்காயெண்ணெயும் கலக்காமல், பல்லுப் பிளேற்றின்ர உள்பக்கத்தில நேராத் தடவி வாயில கொழுவிப்போட்டுப் படுத்திட்டா. விடிய எழும்பேக்க மேல்வாய் வெந்து வெள்ளையாத் தோல் உரியுது, அண்டு முழுக்கக் கஞ்சி கூடக் குடிக்க ஏலாமல் போச்சு. ஓட்டோ பிடிச்சுக்கொண்டு ஒரு பல் கிளினிக்குக்குப் போனம், அங்க "உந்த நாட்டு எண்ணெய் சாமானெல்லாத்தையும் தூக்கி எறியுங்கோ" எண்டு பேச்சு விழுந்து ஒரு மருந்துத் துண்டு கிடைச்சுது. அடுத்த கிழமை தெரிஞ்ச ஆக்கள் சொல்லி ஒரு சித்த வைத்தியரிட்டப் போனம், அவர் "அந்த இங்கிலிஸ் மருந்து உடம்புக்குச் சூடு, நிப்பாட்டுங்கோ, கராம்பு நல்லதுதான்" எண்டார். அம்மா ரெண்டையும் அரையும் குறையுமாச் செய்தா. சிவப்பு அப்பிடியே இருந்தது.

இதுக்குப் பிறகுதான் நான் இரவிரவா இருந்து வாசிக்கத் தொடங்கினன். வாசிக்க வாசிக்க எனக்கு விளங்கினது என்னெண்டா, நீங்கள் ரெண்டு பேரும் சொன்னதில பாதி பாதி சரி. அந்தப் பாதியளைப் பொருத்தித்தாற ஆள்தான் எங்களுக்கு இல்லை.

கட்டுப்பல்லு செய்யிற அக்ரிலிக் எங்கட கண்ணுக்குக் கண்ணாடிமாதிரி வழுவழுப்பா இருந்தாலும் நுணுக்கிப் பாத்தா நுண் துளையும் கீறலும் நிறைஞ்ச சாமான். கன்டிடா அல்பிகன்ஸ் எண்ட பங்கசு நல்ல சுகதேகியளின்ர வாயிலயும் கனபேருக்குச் சும்மா இருக்கிற ஒண்டு, பிளேற்றுக்குக் கீழ உமிழ்நீர் ஓடாத, காத்துப் படாத, சூடான அந்த இடுக்குக் கிடைச்ச உடன பெருகி, துளையளுக்குள்ள வேர் விட்டமாதிரி ஒட்டி, தனக்கு மேல ஒரு வழுக்கல் படையையும் போட்டு மூடிக்கொள்ளும். கிணத்துப் படிக்கட்டில பாசி பிடிக்கிறதை நினைச்சுப் பாருங்கோ, தண்ணியை மொண்டு ஊத்தினாப் போகாது, தேச்சாத்தான் போகும். அந்தப் படைக்குள்ள இருக்கிற பங்கசு தனியா மிதக்கிற பங்கசை விடப் பல மடங்கு மருந்தைத் தாங்கும். அதால வாய்க்கு மட்டும் மருந்து போட்டு, பல்லைத் தேய்க்காமல் திரும்பக் கொழுவினா, சுகமான தோலில திரும்ப விதைக்கிறதுமாதிரித்தான். சீனி வருத்தக்காரர், ஆஸ்துமாவுக்கு ஸ்டெரொயிட் பம்ப் இழுத்துப்போட்டு வாய் கொப்பளிக்காதவை, குளுசையளால வாய் காயுறவை, சுருட்டுப் பத்திறவை எல்லாருக்கும் இது இன்னும் லேசா வரும். எங்கட பக்கக் கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு வேற, கேத்திலில படியிறமாதிரி அது பல்லிலயும் படிஞ்சு பங்கசு பிடிக்க இன்னும் தோதாக்கிக் குடுக்குது.

இப்ப எண்ணெய்க் கதைக்கு வாறன். தமிழில எண்ணெய் எண்ட ஒரே சொல்லாலதான் பாதிக் குழப்பமும். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் வேற, மூலிகையை எண்ணெயில காய்ச்சி எடுக்கிற தைலம் வேற, வாலையில ஆவியா ஏத்திக் குளிரவைச்சு வடிக்கிற எண்ணெய் வேற. கடைசியாச் சொன்னது எவ்வளவு காரம் எண்டு போத்தலைத் திறந்து மணந்தாலே தெரியும். கராம்பை வடிச்சு எடுத்த எண்ணெயில 70 முதல் 90 வீதம் யூஜினோல் எண்ட காரச்சத்து. கறுவாப்பட்டை எண்ணெயில சின்னமல்டிகைட், அதே மரத்தின்ர இலையை வடிச்சா யூஜினோல். ஓமத்தில தைமோல். சித்த வைத்தியர்மாரே, நீங்கள் ஓமத்தை வாலையில வடிச்சுத் தீநீர் எடுக்கிறீங்கள், அந்த வாசத்தின்ர உயிர் தைமோல்தான். உலகம் முழுக்க விக்கிற லிஸ்டரின் வாய்கழுவியிலயும் அதே தைமோல்தான் இருக்குது, கூட யூகலிப்டோலும் மென்தோலும் மெத்தில் சலிசிலேற்றும். பல் டொக்டர்மாரே, உங்கட கிளினிக்குக்குள்ள கால் வைச்ச உடன மூக்கில அடிக்கிற அந்த வாசம் என்ன? கராம்புதான். தற்காலிகமா ஓட்டை அடைக்கிற சிங்க் ஒக்சைட்டை யூஜினோலிலதானே குழைக்கிறீங்கள். ரெண்டு வாசலிலயும் ஒரே வாசம் வரேக்க, வயசுபோன மனுசி ஒண்டு ஏன் ரெண்டு பதிலோட வீட்டுக்குப் போகவேணும்?

இந்தச் சாமான்கள் பங்கசைக் கொல்லுது எண்டது கைவைத்தியக் கதை மட்டும் இல்லை. ஆய்வுகூடத் தட்டுகளில கராம்பு, கறுவா, ஓமம், எலுமிச்சம்புல், துளசி எல்லாத்தின்ரயும் வடிச்ச எண்ணெயள் கன்டிடாவை மடக்கினதைக் கனபேர் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கினம். யூஜினோலும் தைமோலும் பங்கசின்ர கலமென்சவ்வுக்குள்ள புகுந்து அதைக் குலைக்க உள்ளுக்கு இருக்கிறது வெளிய கசியும், அந்தக் குலைவுக்கு அந்தச் சவ்வில இருக்கிற எர்கொஸ்டெரோல் எண்ட கொழுப்பும் ஒரு இலக்கு. பங்கசுக்கு டொக்டர்மார் எழுதுற நிஸ்டாட்டினும் அந்த எர்கொஸ்டெரோலைத்தான் போய்ப் பிடிக்குது. 1950ல எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுணும் மண்ணில இருந்த ஒரு பற்றீரியாவில இருந்து கண்டுபிடிச்சு, தாங்கள் வேலை செய்த நியூயோர்க் மாநிலத்தின்ர பேரை வைச்ச மருந்து அது. மண்ணில இருந்து மருந்து வரலாம் எண்டா மரப்பட்டையில இருந்தும் வரலாம்தானே.

மனுசரிலயும் பாத்திருக்கினம். இரானில சாட்டாரியா எண்ட, ஓமவாசம் அடிக்கிற ஒரு மூலிகையின்ர எண்ணெயை 0.1 வீதம் மட்டும் சேத்து ஜெல் செய்து கட்டுப்பல்லுக்காரருக்குக் குடுத்து, மைக்கொனசோல் எண்ட பங்கசு மருந்தின்ர 2 வீத ஜெல்லோட ஒப்பிட்டுப் பாத்தவை. அண்ணத்துச் சிவப்பு மூலிகை ஜெல்லுக்கு நல்லாக் குறைஞ்சுது, ஆனா பல்லுப் பிளேற்றில ஒட்டியிருந்த பங்கசைக் குறைக்கிறதில மைக்கொனசோல்தான் முன்னுக்கு நிண்டது. சிலி நாட்டில டீ ட்ரீ எண்ட அவுஸ்திரேலிய மரத்தின்ர எண்ணெயைப் பிளேற்றுக்கு உள்பக்கம் போடுற மெத்தைப் பசையோட கலந்து பாத்து, வெறும் பசையை விட வீக்கம் குறைஞ்சதைக் கண்டவை. எல்லாம் சின்னச் சின்ன ஆய்வுகள், ஆக்களும் கொஞ்சம், நாளும் கொஞ்சம். ஆனா அந்த 0.1 வீதத்தை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ, ஆயிரத்தில ஒரு பங்கு. எங்கட அம்மா தடவினது நூறு வீதம். மருந்துக்கும் நெருப்புக்கும் நடுவில இருந்தது அளவு மட்டும்தான், அந்த அளவை அம்மாக்குச் சொல்லித்தர ஒருத்தரும் இருக்கேல்ல.

அதால "கராம்பு நல்லதுதான்" எண்டு சொல்லிவிடுற வைத்தியர்மாரிட்ட நான் கையெடுத்துக் கேக்கிறன், அந்த வசனத்தைப் பாதியில நிப்பாட்டாதேங்கோ. வடிச்ச எண்ணெய் நேராப் பட்டாத் தோல் வேகும். கறுவா எண்ணெய் சிலருக்கு ஒவ்வாமையாகி வாயையே புண்ணாக்கும், பிறகு அது பங்கசுச் சிவப்பா மருந்துச் சிவப்பா எண்டு பிரிக்கவும் ஏலாது. டீ ட்ரீ எண்ணெயை விழுங்கக் கூடாது. கராம்பெண்ணெய் குடிச்ச சின்னப் பிள்ளையளுக்கு ஈரல் பழுதாப்போன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில இருக்குது, வீட்டில பேரப்பிள்ளையள் ஓடித்திரியுற இடத்தில அந்தப் போத்தல் சாமியறைத் தட்டில நிக்குது. அதோட இந்த எண்ணெயள் கரைப்பான்மாதிரியும் வேலை செய்யும், யூஜினோல் பட்டா அக்ரிலிக் பிசின் ஒழுங்கா இறுகாது எண்டு பல் டொக்டர்மாருக்கு நல்லாத் தெரியும், அப்பிடிப்பட்ட ஒண்டை நாள்தோறும் பிளேற்றில தடவச் சொல்லுறதுக்கு முதல் பிளேற்றுக்கு என்ன நடக்கும் எண்டும் பாக்கவேணும். வெத்திலை எண்ணெயும் கன்டிடாவுக்கு எதிர் எண்டு வாசிச்சன், உடன ஒரு பயம் வந்தது, இதைக் கேள்விப்பட்டா எங்கட ஆச்சிமார் பாக்கும் புகையிலையும் சேத்துச் சப்புறதை மருந்து எண்டு சொல்லத் தொடங்குவினம். பாக்கு புற்றுநோய் தாற சாமான். இலங்கையில ஆம்பிளையளுக்கு வாற புற்றுநோயளில முன்னுக்கு நிக்கிறது வாய்ப் புற்றுநோய். சிவப்போ வெள்ளையோ ரெண்டு கிழமைக்கு மேல மாறாமல் நிண்டா எந்த எண்ணெயும் பூசிக்கொண்டிருக்காமல் பல் டொக்டரிட்ட அனுப்புங்கோ வைத்தியர் ஐயா, அது உங்கட மருந்துக்கு அவமானம் இல்லை.

"தூக்கி எறியுங்கோ" எண்டு பேசுற டொக்டர்மாரிட்டயும் எனக்குக் கேள்வி இருக்குது. இருக்கிற மருந்துகள் எல்லாருக்கும் ஒத்துவருதா? மைக்கொனசோல் ஜெல் வாயில பூசிறதுதானே எண்டு குடுக்க, இருதய வருத்தத்துக்கு ரத்தத்தை இளக்கிற வோஃபறின் எடுக்கிறவைக்கு அது ரத்தத்தை அளவுக்கு மிஞ்சி இளக்கி ரத்தப்போக்கு வரைக்கும் கொண்டுபோகும். பங்கசுக்கு விழுங்கிற புளுக்கொனசோலும் அப்பிடித்தான், அதோட கிட்னி பழுதான ஆக்களுக்கு அதின்ர அளவைக் குறைக்கவேணும். வவுனியாப் பக்கத்தில கிட்னி வருத்தக்காரர் எவ்வளவு பேர் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நிஸ்டாட்டின் துளி ஒரு நாளைக்கு நாலு தரம் வாயில வைச்சிருக்கவேணும், தோட்டத்துக்குப் போற மனுசிக்கு அது எவ்வளவு கஷ்டம். அதையும் குளோறெக்சிடின் வாய்கழுவியையும் ஒரே நேரத்தில பாவிச்சா ஒண்டை ஒண்டு வெட்டிப்போடும் எண்டது ரெண்டையும் வாங்கிக்கொண்டு போற ஆளுக்குச் சொல்லுப்படுதா? மருந்துக்கு மடங்காத பங்கசுகள் கூடிக்கொண்டு போகுது எண்டு உலக சுகாதார நிறுவனம் 2022ல ஒரு பட்டியல் போட்டது, அதில கன்டிடா அல்பிகன்ஸ் ஆக முதல் வரிசையில இருக்குது. இப்பிடி இருக்கேக்க புதுவழி தேடுற கதவை ஒரு பேச்சால சாத்திறது சரியில்லை.

எங்கட கையில என்ன இல்லை? உலகத்துக்கு உண்மையான கறுவாவில பெரும்பங்கைக் குடுக்கிறது இந்த நாடுதான். கன்டிடாவைப் பற்றி உலகமே மதிக்கிற ஆராய்ச்சியள் செய்த பேராசிரியர் லக்ஷ்மன் சமரநாயக்க பேராதனையில பல்வைத்தியம் படிச்சு வெளிக்கிட்டவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில சித்த மருத்துவம் படிப்பிக்கினம், அதின்ர விவசாய பீடமும் தொழில்நுட்ப பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகரில இருக்குது, வவுனியா வளாகம் 2021ல தனிப் பல்கலைக்கழகமா ஆகிட்டுது. பல்லுக் கட்டுற அறையளில வெட்டிக் குப்பையில போடுற அக்ரிலிக் துண்டுகளில பங்கசைப் படரவிட்டு, எங்கட சந்தையில விக்கிற கராம்பெண்ணெய், ஓமத்தீநீர், கறுவா எண்ணெயை இவ்வளவு விகிதம், இவ்வளவு நிமிஷம் எண்டு வைச்சுப் பாக்கிறதுக்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. எந்த விகிதத்தில படை கழருது, அந்த விகிதத்தில பிளேற்றின்ர நிறமும் வலுவும் மாறுதா எண்டு முதல் பாருங்கோ. பிறகு ஒழுக்கவியல் அனுமதி எடுத்து, பல் டொக்டர் வாயைப் பாக்க, சித்த வைத்தியர் மருந்தைச் செய்ய, விரும்பி வாற ஆக்களில நிஸ்டாட்டினுக்குப் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. சரிவராட்டி சரிவரேல்ல எண்டு ஊருக்குச் சொல்லுங்கோ, அதுவும் எங்களுக்குத் தேவையான பதில்தான். வாயில பூசிறதுக்குச் சரிவராட்டியும் இரவில கழட்டின பல்லை ஊறவைக்கிற தண்ணிக்குச் சரிவரலாம், வாயும் வேகாது, எனக்கு அதிலதான் கூட நம்பிக்கை.

ஆனா ஆய்வு முடியும்வரைக்கும் சனம் காத்துக்கொண்டிருக்க ஏலாது. அதால இண்டைக்கே செய்யக்கூடிய ஒண்டைக் கேக்கிறன். நீங்கள் ரெண்டு பகுதியும் இருந்து கதைச்சு, பெரிய எழுத்தில, எங்கட பேச்சில, ஒரு பக்கத்தாள் ஒண்டு எழுதுங்கோ, ரெண்டு வாசலிலயும் அதே தாள் ஒட்டியிருக்கவேணும். இரவில கழட்டு. மெல்லிய பிறஷ்ஷால சவுக்காரம் போட்டு உள்பக்கம் வெளிப்பக்கம் தேய், பேஸ்ற் வேண்டாம் அது பல்லைக் கீறும். கொதிதண்ணி ஊத்தாதே, வளைஞ்சுபோகும். இரவு முழுக்கச் சுத்தமான பச்சைத்தண்ணிக்குள்ள மூடி வை. அண்ணத்தையும் நாக்கையும் மெதுவாத் துடை. எந்த வடிச்ச எண்ணெயையும் நேராத் தடவாதே. குளோறின் தண்ணியில ஊறவைக்கிறது எண்டா 10 நிமிஷத்துக்கு மேல வேண்டாம், கம்பி வைச்ச பல்லுக்கு வேண்டவே வேண்டாம், எவ்வளவு கலக்கிறது எண்டதை நீங்கள் எழுதுங்கோ. ஏன் இரவில கழட்டவேணும் எண்ட காரணத்தையும் எழுதுங்கோ, 2015ல வெளிவந்த ஜப்பான் ஆய்வு ஒண்டில 85 வயசு தாண்டின 524 பேரை மூண்டு வருஷம் பாத்தவை, கட்டுப்பல்லோட படுக்கிறவைக்கு நிமோனியா வாற ஆபத்து ரெண்டு மடங்குக்கும் மேல இருந்திருக்குது. காரணம் தெரிஞ்சா எங்கட சனம் செய்யும்.

மற்றது, மாசாமாசம் சீனிக் கிளினிக்குக்கு வரிசையில நிக்கிற வயசுபோன ஆக்களிட்ட "பல்லைக் கழட்டுங்கோ அம்மா, ஒருக்கா லைற் அடிச்சுப் பாப்பம்" எண்டு கேக்க ஒரு நிமிஷம் காணும். காலைப் பாக்கிறீங்கள், கண்ணைப் பாக்கிறீங்கள், அண்ணத்தையும் பாருங்கோ. ஒட்டுசுட்டானில இருந்தும் துணுக்காயில இருந்தும் பஸ் ஏறி வாற மனுசி தனக்கு நோகாத ஒண்டுக்கு இன்னொருக்கா பஸ் எடுத்து வரமாட்டா.

அம்மான்ர நிலைமையையும் சொல்லவேணும். கடைசியா வேற ஒரு டொக்டர் ஆறுதலா இருந்து கேட்டு, நிஸ்டாட்டின் எழுதித் தந்து, பல்லை எப்பிடித் தேய்க்கிறது எண்டு தன்ர கையால தேய்ச்சுக் காட்டினா. சிவப்பு இப்ப முக்கால்வாசி வத்திட்டுது, வாய்க்கடை வெடிப்பும் மாறிட்டுது. பல்லைக் கழட்ட வைக்கிறதுதான் கஷ்டமா இருந்தது. மூடி போட்ட சின்னப் பேணி ஒண்டு வாங்கிக் கட்டில் தலைமாட்டில வைச்சன், முதல் நாலைஞ்சு இரவும் அம்மா இருட்டுக்குள்ள கையை நீட்டிப் பேணி இருக்குதா எண்டு தடவிப் பாத்துப்போட்டுத்தான் திரும்பப் படுத்தா. இப்பவும் சிலநாள் தடவுறா, நான் நித்திரைமாதிரிக் கிடந்துகொண்டு பாப்பன்.

எங்கட பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில சனிக்கிழமையள்ல ஒருத்தரும் இல்லை. வந்து இருந்து அந்தத் தாளை எழுதுறது எண்டா அதிபரிட்ட அனுமதி எடுத்துக் கதவைத் திறந்து வைக்கிறது என்ர பொறுப்பு. தேத்தண்ணியும் நான் போடுறன்.

இப்படிக்கு,
விசுவமடுவில இருந்து ஒரு விஞ்ஞான ரீச்சர்